தேனீக்கள்மேல் நான் எழுதிய புகார்

எல்லாவற்றுக்கும் காரணம் என் வெள்ளை வேட்டியில் விழுந்த மஞ்சள் புள்ளிகள்தான். வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கட்டிக்கொண்டு போவதற்காகக் காயப்போட்ட வேட்டி அது. பக்கத்து வீட்டுக்காரர் பின்பக்கம் வளர்க்கும் தேனீக்கள் பறக்கும்போது அதில் எச்சமிட்டுப் போயின. மூன்றாவது வாரமும் அப்படியே ஆனதும், நகராண்மைக் கழகத்துக்கு மலாயில் ஒரு புகார் எழுதினேன். பெயர் போடவில்லை. வேட்டிக்காக யார் வரப் போகிறார்கள் என்று, ஒரு குழந்தையைத் தேனீ கொட்டிவிட்டதாகவும் சேர்த்துக்கொண்டேன். அது பொய். நான் ஓய்வு பெற்ற ஆசிரியன்.

ஒரு குழந்தையைக் கொட்டியதாகப் புகார் வந்திருக்கிறது, அதிகாரி வந்து பார்ப்பார், ஆபத்தென்றால் தேனீப் பெட்டிகளை அழித்துவிடுவார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரருக்குக் கடிதம் வந்தது. எங்கள் தாமான் குடியிருப்பில் அரசாங்கக் கடிதம் எதுவானாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். அவரும் பதில் எழுதித் தரச் சொல்லி வந்தார். ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர், லாரி ஓட்டுவதை விட்ட பிறகு அந்த மூன்று பெட்டிகள்தான் அவருக்கு வேலை.

எழுதுமுன் பார்த்துவிடுங்கள் என்று அழைத்துப் போய், தேங்காய் நார்ப் புகை காட்டி ஒரு மூடியைத் திறந்தார். அடையின் மேல் ஒரு தேனீ வயிற்றை ஆட்டிக்கொண்டு நேராக ஓடியது. சுற்றி வந்து மறுபடியும் ஓடியது. நாலைந்து தேனீக்கள் அதைத் தொட்டபடியே பின்னால் போயின.

"பூ எந்தப் பக்கம் இருக்குன்னு வழி சொல்லுது சார். நான் லாரி ஓட்டுன காலத்துல ஒருத்தன்கூட இவ்ளோ சரியா சொன்னதில்லலா."

பிறகு குரல் தாழ்ந்தது. கொட்டுப்பட்ட பிள்ளை யாரென்று கேட்டு, தேன் பாட்டிலோடு வீடு வீடாகப் போயிருக்கிறார். யாரும் சொல்லவில்லையாம்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.

ஒரு தேனீயும் நசுங்காமல் மெதுவாக மூடியை வைத்தார்.

"அப்ப எந்தப் பிள்ளைக்கும் ஒன்னும் ஆகலையா?"

"ஆகல தம்பி."

நீண்ட மூச்சு விட்டார். "நாலு நாளா சோறு எறங்கல சார்." நார்ப் புகையை அணைத்துவிட்டு, "வேட்டின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே தொவைச்சுக் குடுத்திருப்பேன்லா. படிச்சவங்க நீங்க" என்றார். அந்தக் கடைசி இரண்டு சொல் நன்றாகவே கொட்டியது.

அன்றே என் பெயரும் முகவரியும் போட்டு உண்மையை எழுதினேன். அதிகாரி வந்தபோது வாயாலும் சொன்னேன். அந்த இளம் மலாய்ப் பெண் என்னை ஒரு பார்வை பார்த்தார், திட்டியிருந்தால்கூடத் தேவலை. பெட்டிகள் இருக்கட்டும், கடைசி வேலிப் பக்கம் தள்ளி வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அங்கிருந்த வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்துவிட்டேன்.

பெட்டியை ஒரே நாளில் தள்ளி வைத்தால், வெளியே போன தேனீக்கள் பழைய இடத்துக்கே வந்து தவிக்குமாம். தினமும் ஒரு முழம்தான் நகர்த்தலாம். தனியாளால் ஆடாமல் தூக்க முடியாது என்று ஒரு பக்கம் என்னைப் பிடிக்கச் சொன்னார். தேனீக்கள் அடைந்த பிறகு, தினமும் மாலையில் போய்ப் பிடிக்கிறேன். வேலிக்கு இன்னும் பதினோரு முழம் இருக்கிறது.