ஹட்டன் குளிர் ஒட்டிய கூலர்

கம்ப்யூட்டரில் ப்ராசஸர் மேலிருக்கும் கூலரை மாற்ற, இன்று ஹட்டனில் ஒரு கடைக்குப் போனேன்.

கடைக்காரர் கூலரின் அடியில் ஸ்க்ரூட்ரைவரைக் கொடுத்து நெம்பினார். மதர்போர்டு வில்லாக வளைந்தது.

"அண்ணே, நிறுத்துங்க! போர்டு ஒடைஞ்சிரும்."

"நம்ம ஊரு குளிருக்கு இறுகிப் போச்சு டீச்சர். இழுத்தாதான் வரும்."

குளிராம்! போன வருஷம் கிளிப் உடைந்ததென்று கூலரைப் பசை போட்டு ஒட்டிய மகானே இவர்தான்.

பக்கத்து சலூனில் ஹேர் டிரையர் இரவல் வாங்கி வந்தேன்.

"முடி காய வைக்கப் போறீங்களா டீச்சர்?" என்று சிரித்தார்.

கூலருக்கு மட்டும் சூடு காட்டி, மேலே இழுக்காமல், இடமும் வலமுமாக மெல்லத் திருகிக்கொண்டே இருந்தேன். பத்து நிமிடத்தில் பசை விட்டது. போர்டில் ஒரு கீறல் இல்லை.

நான் மெஷினைப் பையில் வைப்பதற்குள் இன்னொருவர் அதே பிரச்சினையோடு வந்தார். கடைக்காரர் டிரையரைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"சும்மா இழுத்துறக் கூடாது தம்பி. சூடு காட்டித் திருகணும். நாங்க எப்பவுமே அப்படித்தான் செய்றோம்."

சலூன்காரர் டிரையரைத் திருப்பிக் கேட்டால் என்ன சொல்வார்? குளிருக்குக் கையோடு ஒட்டிக்கொண்டது என்றா?