நான் இறக்கி வைத்த பதநீர்

அந்த வண்டியை வாங்கியபோது என் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "கடை இங்க டவுனுக்குள்ள லத்தாவில இருக்கு. வண்டி ஆத்துக்கு அந்தப் பக்கம் நிக்கப்போகுதுங்கிறீங்க. நமக்கு எதுக்கு அது?" நான் வழக்கம்போல எரிந்து விழுந்தேன். பர்மாவில் இருபது வருடமாகக் குளிர்பானக் கடை நடத்துகிறவனுக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டாம் என்றேன். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். அன்றைக்கும் வந்தது.

விஷயம் இதுதான். சில வருடங்களாக நோன்பு மாதம் பதநீர்க் காலத்திலேயே வருகிறது. நாளெல்லாம் வறண்டு கிடந்த தொண்டைக்கு, பேரீச்சம்பழம் தின்ற கையோடு ஒரு கோப்பை பதநீர் கிடைத்தால் அதற்கு ஈடு கிடையாது. ஆனால் பனைமரங்கள் க்யிம்யிண்டைங் படகுத்துறைக்கு எதிர்க்கரையில், நன்றாக உள்ளே தள்ளி இருக்கின்றன. காவடி கட்டித் தூக்கிக்கொண்டு கரைக்கு நடந்து வர ஒன்றரை மணி நேரம் ஆகும். கலயத்தில் சுண்ணாம்பு கூடினால் எங்கள் ஆட்கள் வாடை என்று முகம் சுளிப்பார்கள். குறைத்தால் அந்த வெயிலில் பாதி வழியிலேயே புளிக்கத் தொடங்கிவிடும். புளித்தால் அது கள். கள்ளைச் சுமந்துகொண்டு பள்ளிவாசல் படி ஏற முடியுமா?

அதற்காகத்தான் அந்த மூன்று சக்கரச் சரக்கு வண்டி. முன்னால் மோட்டார் சைக்கிள், பின்னால் தகரத் தொட்டி. இங்கே எல்லோரும் தோன்பெய்ன் என்பார்கள். தொட்டியில் பன்னிரண்டு கேன் நிற்கும். மேலே ஈரச் சாக்கு, சுற்றிலும் கயிறு. தோப்பிலிருந்து கரைக்கு இருபது நிமிடம், பிறகு படகு, பிறகு டாக்சி. இப்படியாக மாலைப் பதநீர் மாலையிலேயே லத்தாவுக்கு வந்தது.

முதல் நாள் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். சிந்தக்கூடாது என்று எல்லா மூடியையும் முறுக்கி மூடினேன். மேடு பள்ளத்தில் குலுங்கிக் குலுங்கி, கரைக்கு வருவதற்குள் கேன்கள் வயிறு உப்பி நின்றன. படகில் ஏற்றும்போது ஒரு மூடி தெறித்து, நுரை முழுக்க என் சட்டையில். தொப்பியும் தாடியுமாக, நோன்பும் பிடித்துக்கொண்டு, கள் வாடையோடு நடுப் படகில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து தள்ளிப் போய் உட்கார்ந்தார். அன்றிலிருந்து மூடிகளைக் கொஞ்சம் தளர்த்தியே வைத்தேன்.

எனக்காக மரம் ஏறியவன் என்னைவிடப் பத்து வயது இளையவன். தமிழ்க் குடும்பம்தான். அவன் கொள்ளுத் தாத்தா துறைமுகக் கூலியாக வந்தவராம். அவனும் அவன் மனைவியும் தமிழ் பேசுவார்கள், பிள்ளைகளுக்குப் பர்மியம்தான் வாயில் வரும். அவன் என்னைப் பாய் என்பான், நான் தம்பி என்பேன். நோன்பு பிடித்திருக்கும் நான் பதநீரை ருசி பார்க்க முடியாது. அதனால் அவன் மனைவிதான் ஒவ்வொரு கேனிலிருந்தும் ஒரு வாய் குடித்துவிட்டுச் சொல்வாள். "இது நல்லாருக்கு பாய். இது லேசா புளிப்பு ஏறிருச்சு, விட்டுருங்க." அவள் விடச் சொன்னதை விட்டுவிடுவேன். அந்த மாதம் முழுவதும் அவள் நாக்கை நம்பித்தான் நான் பள்ளிவாசலில் தலை நிமிர்ந்து நின்றேன்.

பேர் பரவியது. எங்கள் பள்ளிவாசலுக்கு மட்டும் கொடுத்தது போய், இன்னும் இரண்டு இடத்தில் கேட்டார்கள். நான் யாரிடமும் இல்லை என்று சொல்லவில்லை. அவன் அதுவரை விடியற்காலை ஒரு தடவை, வெயில் தாழ்ந்து ஒரு தடவை ஏறிக்கொண்டிருந்தான். நடுப்பகலில் ஏறமாட்டான். ஏணிக் கம்பு சுடும், உள்ளங்கை வேர்க்கும், பிடி நிற்காது என்பான். நோன்பு திறக்கிற நேரத்துக்குச் சரக்கு போய்ச் சேர வேண்டுமே. நான் நச்சரித்து நச்சரித்து மாலை ஏற்றத்தை இரண்டு மணிக்குக் கொண்டுவந்தேன். வண்டி இருக்கும்போது மரம் மட்டும் ஏன் பழைய நேரத்தில் நிற்க வேண்டும் என்று கேட்டேன். எவ்வளவு புத்திசாலித்தனமாகப் பேசியிருக்கிறேன் என்று இப்போது நினைத்தால் கூசுகிறது.

நோன்பு மாதத்தின் இருபத்தேழாம் இரவுக்குப் பள்ளிவாசலில் கூட்டம் அதிகம் வரும். பன்னிரண்டு கேன் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அன்று நான் தோப்புக்குப் போனபோது மூன்று மணி. பத்து கேன் நிரம்பியிருந்தது. அவன் மரத்தடியில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இன்னிக்கு இது போதும் பாய். கை நடுங்குது."

"ரெண்டே கேன் தம்பி. நாலு மரம்."

"நாளைக்குச் சேத்துத் தர்றேன்."

"நாளைக்கு இருபத்தேழு வராது. நோன்பாளிக்கு ஊத்துற புண்ணியம் உனக்கும்தான் வந்து சேரும்."

அவன் சிரித்துக்கொண்டே எழுந்தான். புண்ணியத்தைக் காட்டி ஒரு மனிதனை மரத்தில் ஏற்றினேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்துதான் வந்தது, அதை யார் மீதும் தள்ள முடியாது.

நிரம்பிய கேன்களை நான் வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டி முடித்திருந்தேன். மூன்றாவது மரத்தில், இறங்கும்போது, பாதி உயரத்தில் அவன் கை விட்டது. கத்தவில்லை. இடுப்பில் தொங்கிய கலயங்கள் முதலில் உடைந்த சத்தம் கேட்டது. அடுத்ததுதான் அவன் விழுந்த சத்தம். திரும்பிப் பார்த்தபோது ஒருக்களித்துக் கிடந்தான். ஒரு கால் இருக்கக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. வாய் திறந்திருந்தது, மூச்சு மட்டும் கேட்டது.

அவன் மனைவி ஓடிவந்து தலையைத் தாங்கிப் பிடித்தாள். "பாய், வண்டி" என்றாள்.

நான் வண்டிக்கு ஓடினேன். அதுவரை சரி. தொட்டி நிறைய கேன். அவனைப் படுக்க வைக்க இடம் வேண்டும். கயிற்றை அவிழ்த்தேன். முதல் கேனை இரண்டு கையாலும் தூக்கினேன். மரத்தடி நிழலுக்குக் கொண்டுபோய்ச் சாயாமல் வைத்தேன். மூடி சரியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். திரும்பி வந்து இரண்டாவதைத் தூக்கினேன். அதையும் நிழலில், முதல் கேன் பக்கத்தில், ஒட்டி வைத்தேன். மூன்றாவதை வைத்தபோது அடியில் ஒரு கல் இடறியது. கல்லை எடுத்துப் போட்டுவிட்டு மறுபடி வைத்தேன்.

நான் பதற்றத்தில் என்ன செய்கிறேன் என்று தெரியாமல் செய்தேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. அது பொய். எனக்கு நன்றாகத் தெரியும். வெயிலில் வைத்தால் புளித்துவிடும் என்று நினைத்தேன். திரும்பி வந்து எடுத்துக்கொள்ளலாம், நேரம் இருக்கிறது என்றுகூட நினைத்தேன்.

நான்காவது கேனோடு நிமிர்ந்தபோது அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் தலையை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு எழுந்து வந்தாள். தொட்டியில் ஏறி, மிச்சமிருந்த கேன்களைக் காலால் உதைத்துத் தள்ளினாள். ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மூடி கழன்று கொட்டியது. என் செருப்பெல்லாம் பதநீர். என் கையில் இருந்த கேனை அப்போதுதான் கீழே போட்டேன்.

ஈரச் சாக்கில் அவனைத் தூக்கிக் கிடத்தினோம். அந்த இருபது நிமிட வழியில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவன் முனகியது என் முதுகுக்குப் பின்னால் கேட்டது. கரையில் படகுக்காரர் இரண்டு பலகையைச் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார். க்யிம்யிண்டைங்கில் டாக்சி பிடித்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது வெளியே பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். குழாய்த் தண்ணீரில் நோன்பு திறந்தேன். பள்ளிவாசல் செயலாளர் கைப்பேசியில் கூப்பிட்டார். நடந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். "பரவாயில்ல பாய், எலுமிச்சம்பழம் இருந்துச்சு, கரைச்சுக் குடுத்துட்டோம்" என்றார். யாரும் குறை சொல்லவில்லையாம்.

தொடை எலும்பு முறிவு, இடுப்பில் விரிசல். உயிருக்குப் பயமில்லை, ஆனால் நடக்க மாதக்கணக்கில் ஆகும் என்றார் டாக்டர். மறுநாள் அவனுடைய சொந்தக்காரர்கள் வந்தார்கள். ஒவ்வொருவரும் என் கையைப் பிடித்தார்கள். நல்ல வேளை பாய் வண்டியோடு அங்கே இருந்தாரு, இல்லாட்டி ஆளே இருந்திருக்க மாட்டான் என்றார்கள். பள்ளிவாசலிலும் அதே பேச்சு. அல்லாஹ் அனுப்பிய வண்டி என்று ஒருவர் சொன்னார். கட்டிலில் கிடந்த அவனும் என் கையைப் பிடித்து, "எல்லாத்தையும் கொட்டிட்டு என்னைத் தூக்கிட்டு வந்தீங்களாமே பாய்" என்றான். நான் அவன் மனைவியைப் பார்த்தேன். அவள் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு வாரம் பொறுத்தேன். பெருநாள் கழிந்த மறுநாள், ஆஸ்பத்திரியில் அவள் பாத்திரம் கழுவ வெளியே வந்தபோது பின்னாலேயே போனேன்.

"தங்கச்சி, நான் என்ன செஞ்சேன்னு நீ பாத்தே. ஏன் தம்பிகிட்ட சொல்லல?"

அவள் குழாயை மூடினாள்.

"சொன்னா அவரு உங்களுக்கு ஏற மாட்டாரு பாய். காலு சரியானதும் ஏறித்தான் ஆகணும். அந்தக் கரையில உங்களை விட்டா வேற யாருகிட்ட வண்டி இருக்கு?"

பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் அந்தக் குழாயடியிலேயே நின்றேன். அந்த ஒரு வாரமும் அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.