நான் பாயவிட்ட குதிரை

சுவிஸில், ஓர்லிகோனில் எங்கள் ஆட்கள் சாமான் வாங்கும் கடை ஒன்றில், மரக்கறிப் பெட்டிகளுக்குப் பின்னால் நாலு கதிரைகள் கிடக்கும். சனிக்கிழமைகளில் அங்கே போய் இருந்து தேத்தண்ணி குடிப்பது என்னுடைய முப்பது வருஷப் பழக்கம். நான் பெரிதாகப் படித்தவன் இல்லை. கையில் அகப்பட்ட பேப்பரையும் புத்தகத்தையும் வாசித்து வளர்ந்தவன். ஆனால் கதைக்கச் சொன்னால் கதைப்பேன். "உனக்கு வாய்க்குள்ள ஒரு றேடியோ கிடக்கடாப்பா, அதுக்குப் பற்றரி மாத்துற வேலையே இல்லை" என்பார் கடைக்கார அண்ணை. அவர் அப்படிச் சொல்லும்போது எனக்கு உச்சி குளிரும்.

அந்தக் கதிரைக்காரர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கதைகள் இரண்டு.

முதலாவது சிரிப்புக் கதை. அகதியாக வந்த புதிதில் என்னை வில் என்ற பட்டணத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். அங்கே பந்தயக் குதிரை வளர்க்கும் லாயம் ஒன்று இருந்தது. அந்தப் பந்தயத்தில் குதிரையின் முதுகில் யாரும் ஏறுவதில்லை. பின்னால் இரண்டு சில்லு வைத்த மெல்லிய வண்டி. அதில் ஒருவர் காலை அகட்டி நீட்டிக்கொண்டு இருப்பார். குதிரை கால் மாற்றி மாற்றி வைத்து எவ்வளவு வேகமாகவும் ஓடலாம். நாலுகால் பாய்ச்சலில் மட்டும் பாயக் கூடாது. பாய்ந்தால் ஆட்டம் முடிந்தது. நானோ ஊரில் மாட்டுவண்டிச் சவாரிப் போட்டி பார்த்தவன். எங்களுக்கு மாடு பாயாவிட்டால் அது சவாரியே இல்லை. லாயத்தில் குதிரைகளைப் பார்த்துக்கொண்ட மனிதர் ஒருநாள் என்னைப் பயிற்சித் திடலுக்குக் கூட்டிப்போய் வண்டியில் ஏற்றி, கடிவாள வாரைக் கையில் தந்தார். நான் நாக்கை மடித்து, தொண்டை கிழிய, எங்கள் ஊர்ச் சவாரிக்காரன் போல ஒரு கூக்குரல் வைத்தேன். குதிரை பாய்ந்தது பாருங்கள்! இரண்டு சுற்று. பின்னால் அந்த மனிதர் "நோட் கலொப்பியரே! நோட் கலொப்பியரே!" என்று கத்திக்கொண்டு ஓடி வருகிறார். பாயவிடாதே, பாயவிடாதே என்று அர்த்தம். நான் அதை உற்சாகம் தருவதாக எடுத்துக்கொண்டு இன்னும் கத்துகிறேன். கடைசியில் குதிரை தானாகக் களைத்து நின்றபோது, அவர் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மூக்கு வடிய வடியச் சிரித்து, தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி அதாலேயே மூக்கைத் துடைத்தார்.

இரண்டாவது, கொலைக் கதை. அதே லாயத்தின் முதலாளி ஒரு ஞாயிற்றுக்கிழமை, தீவனம் வைக்கும் அறையில் தலை உடைந்து செத்துக் கிடந்தார். முதல்நாள்தான் அவரும் குதிரை பார்க்கும் மனிதரும் முற்றத்தில் நின்று சத்தம்போட்டிருந்தார்கள். முதலாளி ஒரு குதிரையைச் சவுக்கால் மூக்கில் அடித்துவிட்டாராம். பொலிஸ் குதிரைக்காரரைப் பிடித்துக்கொண்டு போனது. ஐந்து கிழமை உள்ளே வைத்திருந்து, சாட்சி காணாது என்று விட்டது. கொன்றது யாரென்று இன்றுவரை தெரியாது. இந்த இடத்தில் நான் குரலைத் தாழ்த்துவேன். "அந்தாளோட பழகினவன் நான். அந்தக் கண்ணைப் பாக்கோணும் நீங்கள்" என்பேன். "அப்ப அவன்தான்!" என்று யாராவது கதிரையில் நிமிர்வார்கள். நான் ஓம் என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. தேத்தண்ணியை ஒரு மிடறு குடிப்பேன். அந்த மிடறுதான் கதையின் ருசியே.

இரண்டு கதையையும் ஒரே சனிக்கிழமையில் நான் சொன்னதே இல்லை. ஒன்றைச் சொன்னால் மற்றதற்குச் சில மாதம் இடைவெளி விடுவேன். ஏனென்றால் இரண்டும் ஒரே ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தவை.

முதலாளி பத்துக்கும் பதினொன்றுக்கும் இடையில் அடிபட்டார் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். அந்த ஒரு மணித்தியாலமும் குதிரைக்காரர் ஊருக்கு வெளியே ஆற்றங்கரைத் திடலில், என்னுடன் நின்றார். அவர் சிரித்து முடித்தபோது தேவாலயத்தில் பூசை முடிந்து பதினொரு மணிக்கு மணி அடித்தது. அதைக் கண்டவன் உலகத்தில் நான் ஒருவன்தான்.

புதிதாக வந்தவர்கள் வேலை செய்யக்கூடாது என்று சட்டம் இருந்த காலம் அது. நான் அகதி முகாமில் சும்மா இருக்க ஏலாமல், பாணுக்கும் பாலுக்குமாக லாயத்தில் சாணம் அள்ளப் போய்வந்தேன். கறுத்த பெடியன் ஒருவன் அங்கே திரிந்ததாக யாரோ சொல்லியிருக்க வேண்டும். மூன்றாம் நாள் பொலிஸ்காரர் இருவர் முகாமுக்கு வருகிறார்கள் என்று தகவல் வந்தது. முகாமில் எங்களுக்கெல்லாம் மூத்த அண்ணை ஒருவர் என்னைச் சமையலறைக்குள் இழுத்தார்.

"உனக்கு அந்த லாயம் எந்தப் பக்கம் கிடக்கெண்டே தெரியாது. விளங்குதோ?"

"அண்ணை, அந்தாள் என்னோடதான் நிண்டவர்."

"விசரா! கொலைக்கேசில போய் நான் அங்க நிண்டனான் எண்டு சொல்லுவியோ? கள்ளவேலை செய்தவன் எண்டு நாளைக்கே பிளேனில ஏத்துவாங்கள்."

அவரைக் குறை சொல்லி நான் தப்ப முடியாது. அவர் சொல்லாவிட்டாலும் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஊரில் ஆமி மறித்துக் கேட்டால் எங்கள் வாயில் முதலில் வருவது "நான் அங்க நிக்கேல்லை" என்பதுதான். எங்கே, எப்போது என்று கேட்கும் முன்பே வந்துவிடும். அங்கே அது உயிரைக் காத்தது. இங்கே வந்த பொலிஸ்காரர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். மொழிபெயர்ப்பாளரை வைத்து, மூன்று தரம், மூன்று விதமாக, ஆறுதலாகக் கேட்டார்கள். மூன்று தரமும் நான் அங்கே நிற்கவில்லை.

பிறகு வதிவிட அனுமதி வந்தது, கலியாணம் வந்தது, பிள்ளைகள் வந்தார்கள். பயம் போய்விட்டது. பயம் போன பிறகாவது சொல்லியிருக்கலாம். நான் செய்தது, அதைக் கதையாக்கி நாலு பேரின் வாயைப் பிளக்க வைத்ததுதான்.

இப்போது எனக்கு ஷாஃப்ஹவுசனில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளுவண்டியில் மாடிக்குக் கொண்டுபோவதும் நான்தான். போன இலையுதிர் காலத்தில் ஒருநாள், நேரம் பிந்திவிட்டது என்று மாடி நடைக்கூடத்தில் வண்டியை ஓட்டமாகத் தள்ளிக்கொண்டு போனேன். திறந்திருந்த ஓர் அறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"நோட் கலொப்பியரே!"

சூப் என் கையில் கொட்டிவிட்டது. கதவுக்கு நேரே சக்கர நாற்காலியில் மெலிந்த கிழவர் ஒருவர். பகிடிக்குத்தான் கத்தியிருக்கிறார். நான் நின்று திரும்பியதும் அவருடைய சிரிப்பு மாறியது. அவர் கதைத்தது சுவிஸ் ஜெர்மன். எனக்கு அது எங்கள் பேச்சாகத்தான் காதில் விழுந்தது.

"நீ அவன்தானே? என்ர குதிரையைப் பாயவிட்டவன்."

"ஓம்." தமிழில்தான் வந்தது.

"உன்னைத் திருப்பி அனுப்பிப்போட்டாங்கள் எண்டு நினைச்சிருந்தன்."

"இல்லை. இஞ்சதான் இருக்கிறன்."

"நல்லது. பொலிசிட்ட நான் உன்னைப் பற்றிச் சொல்லேல்லை. தனியத்தான் நிண்டனான் எண்டு சொன்னன்."

இவ்வளவு காலமும் நான் வேறு மாதிரி நினைத்திருந்தேன். அவர் என் பெயரைச் சொல்லியிருப்பார், நான் மறுத்துவிட்டேன், எனக்கும் அவருக்கும் அத்தோடு சரி என்று. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"பொலிஸ் கார் ரோட்டால போனாலே வைக்கோலுக்குப் பின்னால போய் ஒளிப்பாய். உன்னை ஏன் இழுக்கோணும்? நான் செய்யேல்லை, ரெண்டு நாளில விட்டிடுவாங்கள் எண்டு நினைச்சன்." சூப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நீயா வந்து சொல்லுவாய் எண்டும் கொஞ்சம் நினைச்சன்."

அன்று பின்னேரம் வீட்டில் மனைவிக்குச் சொன்னேன். அவள் மா குழைத்துக்கொண்டு நின்றவள், கையை எடுக்கவில்லை. "இஞ்சாருங்கோ, அந்த மனுசன் உங்களை ஒளிச்சு வைச்சிருக்கு. நீங்கள் அந்தாளைக் கொலைகாரனாக்கித் தேத்தண்ணி குடிச்சிருக்கிறியள்." அவ்வளவுதான். 

பொலிசுக்குப் போய்ச் சொல்கிறேன் என்று கிழவரிடம் போனேன். அவர் கையை வீசினார். "என்னைப் பிடிச்சவங்கள் எல்லாம் பென்சன். பாதி செத்திட்டாங்கள்." தலைமாட்டில் ஒரு பெண்ணின் பழைய படம் இருந்தது. அவருடைய ஒரே தங்கச்சி. அந்த ஊரில் பேக்கரி வைத்திருந்தவள், இன்னும் அங்கேதான் இருக்கிறாளாம். அவர் விடுதலையாகி வந்தபோது, நீதான் செய்தாயா என்று அவள் கேட்கவில்லை. நத்தார் விருந்துக்கு மேசையில் இடம் காணாது என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு இருவரும் கதைத்ததில்லை. டொக்டர் அவருக்குச் சொன்ன காலம் இந்தக் கோடை வரைக்கும்தான்.

"போறதெண்டால் அவளிட்டப் போ" என்றார். "நான் சொன்னால் நான் சொல்லுறது. நீ சொன்னால் வேற."

வில்லுக்கு ரயில், அங்கிருந்து பஸ். வழியெல்லாம் வசனம் பாடமாக்கினேன். அவள் கதவைத் திறந்து ஒரு கையால் அதைப் பிடித்தபடியே நின்றாள். றேடியோ வாய் உலர்ந்துபோனது. எப்படியோ சொன்னேன். திடல், குதிரை, கூக்குரல், மணி அடித்தது, மூன்று தரம் இல்லை என்றது. பிறகு அவள் கேட்டாள்.

"குதிரை பாய்ந்தபோது அவன் ஏசினானா?"

"இல்லை. சிரித்தார். மூக்கு வடியச் சிரித்தார்."

"எதால் துடைத்தான்?"

"தொப்பியால்."

கதவைப் பிடித்திருந்த கை கீழே வந்தது. "சின்ன வயதில் அம்மா அதற்கு எத்தனை அடி போட்டிருப்பா" என்றாள். பிறகு என்னை முதல்தரம் பார்ப்பது போலப் பார்த்தாள். "நான் கேட்கவில்லை. நீங்கள் சொல்லவில்லை." வந்ததற்கு நன்றி என்று மரியாதையாகச் சொல்லி, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். உள்ளே வரச் சொல்லவில்லை. என்னைக் கூப்பிட நான் அவளுக்கு யார்?

அடுத்த சனிக்கிழமை கடையில் இரண்டு கதையையும் சேர்த்து, நடந்த ஒழுங்கில் சொன்னேன். தேத்தண்ணியை நடுவில் தொடவில்லை. ஒருவர் சாமான் பையைத் தூக்கிக்கொண்டு எழும்பினார். கடைக்கார அண்ணை மட்டும், "எங்களையும் சேத்தெல்லோ பாவத்தில விட்டிருக்கிறாய்" என்றார். 

நான் வில்லுக்குப் போய்வந்த மறுநாளே கிழவர் கேட்டிருந்தார்.

"கதவைத் திறந்தவளோ?"

"திறந்தா."

"உள்ள விட்டவளோ?"

"இல்லை."

"தொப்பியைப் பற்றிக் கேட்டிருப்பாளே?"

"கேட்டா."

 வந்த ஞாயிற்றுக்கிழமை தாதியிடம் சொல்லி நல்ல சேட் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டார். அதற்கடுத்த ஞாயிறும் போட்டுக்கொண்டார். மூன்று ஞாயிறு போய்விட்டது, அவள் இன்னும் வரவில்லை. அவருடைய கதவைக் கடக்கும்போது நான் வண்டியை மெல்லத்தான் தள்ளுகிறேன். அவரும் ஒன்றும் கத்துவதில்லை.