செம்பட்டி தாண்டி ஒரு குடம் தண்ணீர்

1983 கோடை. தாடிக்கொம்புக் கோயிலில் தூண் சிற்பங்களைப் பார்த்துவிட்டுக் கொடைக்கானலுக்குப் புறப்பட்ட எங்கள் சுற்றுலா வேன், செம்பட்டி தாண்டியதும் ஆவி கக்கிக்கொண்டு நிற்கிறது. ரேடியேட்டரில் தண்ணீர் இல்லை. சாலையோரக் கண்மாயிலும் இல்லை, பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது.

எதிரே ஒரு பெண் இடுப்பில் குடத்தோடு வருகிறாள். டிரைவர் தண்ணீர் கேட்டதும் ஒரு கணம் குடத்தைப் பார்க்கிறாள். பிறகு இறக்கித் தருகிறாள். இந்தப் பக்கத்தில் தண்ணீர் கேட்பவர்களிடம் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். அது தெரிந்துதான் டிரைவர் கேட்கிறான். ரேடியேட்டர் முக்கால் குடத்தைக் குடிக்கிறது. மிச்சத்தில் எங்களில் இருவர் முகம் கழுவிக்கொள்கிறார்கள்.

"எங்கேருந்தும்மா எடுத்துட்டு வர்றீங்க?" என்று கேட்கிறேன்.

"தோட்டத்துக் கெணத்துல. இனிமே சாயந்தரம்தான் ஊறும். போயி ஒக்காந்திருக்கணும்," என்கிறாள். "நீங்க எங்குட்டுப் போறீங்க?"

"மலைக்கு. அருவி பார்க்க." சொல்லும்போதே எனக்கு நாக்குக் கூசுகிறது.

"அங்கன தண்ணி விழுகுதாக்கும்?"

"விழுதாம்."

வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த வழியே திரும்பி நடக்கிறாள்.

வழிகாட்டி கைதட்டி எங்களைக் கூப்பிடுகிறார். "எல்லாரும் இந்தப் பக்கம் பாருங்க. இங்கேருந்து மலை ரொம்ப அழகாத் தெரியும்."

அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எல்லோரும் மலையைப் பார்க்கிறோம்.