டாக்டரம்மாவிடம் சொன்ன பொய்

இதயச் சிகிச்சை முடிந்து மூன்றாம் மாத செக்கப்பில் டாக்டரம்மா கேட்டார்: "படபடப்பு ஏதாவது வந்துச்சுங்களா?"

"ஒண்ணுமில்லைங்க. ரொம்ப நல்லா இருக்கேனுங்க" என்றேன்.

பச்சைப் பொய். இரண்டு நாள் முன்புதான், என் பட்டறையில் ஒரு பம்பு மோட்டாருக்குச் செம்புக் கம்பிச் சுருள் கட்டிக்கொண்டிருந்தபோது நெஞ்சுக்குள் அது மறுபடி ஆரம்பித்தது. ஒரு துடிப்பு ஓடும், ஒன்று நிற்கும், அப்புறம் மூன்று சேர்ந்து முட்டும். ஸ்டூலில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். ஒரு மணி நேரம் கழித்துத் தானாக அடங்கியது. வீட்டில் மூச்சு விடவில்லை.

தொடை வழியாகக் குழாய் விட்டு, இதயத்தைத் தாறுமாறாகத் துடிக்க வைத்த இடத்தில் சூடு வைத்துச் சரிசெய்தவர் இந்த டாக்டரம்மாதான். நாலு மணி நேரம், எக்ஸ்ரே கதிர் படாமலிருக்கக் கனமான ஈய அங்கியை மாட்டிக்கொண்டு நின்றாராம். என் மகள் வயசுதான் இருக்கும். முடிந்ததும் கட்டிலருகே வந்து "சரியாயிடுச்சுங்க" என்று சிரித்தபோது, நெற்றியில் தொப்பி அழுத்திய தடம் சிவந்திருந்தது. அந்த முகத்தைப் பார்த்து, உங்கள் வேலை பலிக்கவில்லை என்று எப்படிச் சொல்வது? எங்கள் பக்கத்தில் விருந்துக்குப் போன வீட்டில் குழம்பில் உப்பில்லை என்று யாரும் சொல்வதில்லை.

அன்றைக்கு எடுத்த ஈசிஜியும் ஒழுங்காகத்தான் வந்தது. ரத்தம் உறையாமல் இருக்கத் தந்திருந்த மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று எழுதிக் கொடுத்தார். துடிப்பு தவறினால் இதயத்தில் ரத்தம் கட்டி மூளைக்குப் போய்விடலாம், அதற்குத்தான் அந்த மாத்திரை என்று முதலிலேயே விளக்கியிருந்தார். தெரிந்தும் கும்பிட்டுவிட்டு எழுந்து வந்தேன். என்ன மனுஷன் நான்!

திரும்பும் பஸ்ஸில், கூட வந்திருந்த மனைவி காந்திபுரம் வரை வாய் ஓயாமல் பேசினாள். கொடுமுடிக்குப் போய் வேண்டுதலை முடிக்க வேண்டுமாம், மகளுக்குப் போன் போட வேண்டுமாம். அவள் சந்தோஷத்தைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சாயங்காலம் மாத்திரை டப்பாவிலிருந்து நிறுத்தச் சொன்ன மாத்திரையின் அட்டையை எடுத்துத் தூரப் போடப் போனாள். சட்டென்று கையைப் பிடித்துவிட்டேன். என் முகத்தையே பார்த்தாள்.

"ஏனுங்க, மறுக்கா வந்துச்சா?"

சொல்லிவிட்டேன், பொய்யையும் சேர்த்து. அழுவாள், சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். அவளோ பெருந்துறைக்காரரை ஞாபகப்படுத்தினாள். நான் கட்டிக் கொடுத்த மோட்டார் பத்தே நாளில் புகைந்துபோக, அதை என்னிடம் சொல்ல மனம் வராமல் வேறு பட்டறைக்குக் கொண்டுபோன விவசாயி அவர். விஷயம் காதுக்கு வந்ததும், கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த மனுஷனை வாசலிலேயே நிறுத்தி, தெருவே கேட்கும்படி கத்தினேன். சொன்னால்தானே சரிசெய்ய முடியும் என்று குதித்தேன். உங்கள் மனசு நோகுமே என்றுதான் சொல்லவில்லை என்று அவர் தலை குனிந்து நின்றார்.

"அவரை அன்னைக்கு என்ன பேச்சுப் பேசுனீங்க?" என்றாள். "அவருக்குப் போனது மோட்டாருங்க. எனக்கு?"

பயந்துபோனேன்.

மறுநாள் காலையில் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தோம். டாக்டரம்மா ஆச்சரியமாகப் பார்த்து, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார்.

"நல்லா இருக்கேனுங்க."

பாழாய்ப்போன வாய், தானாகச் சொல்லிவிட்டது. மனைவி என் பக்கம் திரும்பவில்லை. மடியில் இருந்த ஃபைலை இறுக்கிப் பிடித்திருந்தாள். விரல்கள் வெளுத்திருந்தன.

"இல்லைங்க" என்றேன். "நல்லா இல்லைங்க."

டாக்டரம்மாவின் முகம் வாடத்தான் செய்தது. முந்தின நாள் எழுதிய சீட்டை வாங்கி, மாத்திரையை நிறுத்தச் சொன்ன வரியை அடித்தார். என்றைக்கு வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது என்று கேட்டார். இத்தனை வயதில் முதல் தடவையாக, எனக்கு நன்றாக இல்லை என்பதை ஒருவரிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன்.