எம்டன் குண்டும் எங்கள் வீட்டு ஜன்னலும்

செல்போன் வந்த புதிதில், அக்காவைப் பெண் கேட்டு சென்னையிலிருந்து எங்கள் சாத்தூர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மிளகாய் வியாபாரத்துக்காக அடிக்கடி சென்னை போய்வரும் அப்பாவுக்கு, எங்கள் வீட்டுப் பேச்சில் அத்தாவுக்கு, அவர்கள் ஊரைப் பற்றி அவர்களுக்கே பாடம் எடுக்க ஆசை. நெய்ச்சோறு பரிமாறும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"முன்னாடி உங்க ஹைகோர்ட்டு உச்சியிலதான் கலங்கரை விளக்கு எரிஞ்சுச்சு, தெரியுமா? மொத உலகப்போருல எம்டன் கப்பல் கடல்ல நின்னு குண்டு போட்டுச்சு. ஹைகோர்ட்டு மதில்லயும் விழுந்துச்சு. இன்னமும் அங்கன கல்வெட்டு இருக்கு. சனம் மூட்டை முடிச்சோட ஓடிருச்சு!"

மாப்பிள்ளையின் அம்மா 'உச்' கொட்டினார். அந்நேரம் தொலைவில் பெரிய வெடிச்சத்தம். மேற்கு ஜன்னல் கடகடவென்று ஆடியது.

"வெம்பக்கோட்டைப் பக்கம்" என்றார் அத்தா.

"இல்லத்தா, சிவகாசிப் பக்கம்" என்றேன் நான்.

எந்த ஜன்னல் எப்படி ஆடுகிறது என்று பார்த்து, பட்டாசு ஆலை வெடித்த திசையைச் சொல்வது எங்கள் வீட்டுப் பழக்கம். சரியாகச் சொன்னவருக்குப் பெருமை வேறு.

"தாளிச்சாக் கொழம்பு ஊத்திக்கோங்க, ஆறிப்போகும்" என்றாள் அம்மா. அத்தா மறுபடி எம்டனுக்குப் போனார்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. "அங்க ஆளுங்க இருந்திருப்பாங்களே?" என்றார்.

"இருந்திருப்பாக" என்றார் அத்தா, தட்டைப் பார்த்தபடி. எனக்குக் காது சுட்டது. எங்களில் ஒருவருக்குக்கூட அந்தக் கேள்வி வரவில்லையே.

மாப்பிள்ளையின் அம்மா கையைக் கழுவிவிட்டு மேற்கு ஜன்னலருகே போய், எழும்பும் புகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அத்தனை வருடமும் நாங்கள் அந்த ஜன்னலைத்தான் பார்த்திருந்தோம். அதன் வழியாக வெளியே பார்த்ததில்லை.