எத்தனை அடுப்பு என்று கேட்டவர்

செய்தி காலையில் வந்தது. போனில் எஸ்தர் அக்காவின் தம்பி சாமுவேல் பேசினார். "மேடம், அக்கா விடிகாலையில போயிட்டாங்க. சாயங்காலம் அடக்கம். ஆஸ்பத்திரியில யார் யாருக்குச் சொல்லணும்னு எங்களுக்குத் தெரியல. சுவத்துல உங்க நம்பர் மட்டும்தான் எழுதி வெச்சிருந்தாங்க." அத்தனை வருடம் வேலை பார்த்த இடத்திலிருந்து அந்தச் சுவரில் என் நம்பர் மட்டும். அங்கிருந்து அடக்கத்துக்கு வந்ததும் நான் மட்டும்தான். உங்களில் பலருக்குச் செய்தியே தாமதமாகத்தான் கிடைத்திருக்கும். வர முடியாமல் போன நம் ஆஸ்பத்திரிக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எஸ்தர் அக்கா எங்கள் மருத்துவமனையில் சமூக சேவகர். கோலார் தங்கவயல்காரர். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். மருத்துவமனை ஓர் அறக்கட்டளையுடையது என்றாலும், அரசு செலவை ஏற்கும் படுக்கைகள் சில அதில் இருந்தன. குடும்ப வருமானம் வரம்புக்குள் இருப்பவர்களுக்கு மட்டும்தான் அவை. யார் வரம்புக்குள், யார் வெளியே என்று விசாரித்து எழுதுவது அக்காவின் வேலை. நான் பில் போடும் பக்கம், அவர் பில்லைக் கிழிக்கும் பக்கம். "நீ சிரிச்சா ஆஸ்பத்திரிக்கு லாபம், நான் சிரிச்சா நஷ்டம்" என்பார். எங்களுக்குள் சண்டை வராத வாரம் இல்லை.

இப்போது அரசுக் காப்பீட்டு அட்டை எல்லாருக்கும் வரப்போகிறது என்கிறார்கள். அதிலும் இந்தத் தலைவலி இருக்கத்தான் போகிறது. வருமானம் என்றால் நோயாளியின் வருமானம் இல்லை, குடும்பத்தின் வருமானம். ஆகவே முதலில் குடும்பம் என்றால் யார் என்று தெரிய வேண்டும். ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரே குடும்பம் என்பது விதி. அவர்கள் எல்லாருடைய சம்பளத்தையும் கூட்ட வேண்டும். ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் அடுப்பு வேறென்றால் குடும்பம் வேறு. "சம்பளம் எவ்வளவுன்னு கேட்டா பொய் சொல்வாங்க சரோஜா. எத்தனை அடுப்புன்னு கேளு, பாதி உண்மை வந்துரும்" என்பது எஸ்தர் அக்காவின் பேச்சு.

மீதிப் பாதிக்காகத்தான் அவர் வீடு வீடாகப் போனார். நம் ஜனங்களிடம் ஒரு கோளாறு உண்டு. குடும்பம் பிரிந்துவிட்டது என்று வெளியாளிடம் சொல்ல வாய் வராது. ஜோகுபாளையத்தில் ஒரு பெயின்டர். அவர் மனைவிக்கு இதய வால்வு மாற்ற வேண்டும். பக்கத்து அறையில் அண்ணன், நல்ல கம்பெனியில் வேலை. பெயின்டர் என் கவுன்டர் முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "அண்ணன் தம்பி நாங்க பிரியல மேடம், ஒரே குடும்பம்" என்றார். அண்ணன் சம்பளத்தைச் சேர்த்ததும் வரம்பு தாண்டிவிட்டது. இலவசம் கிடையாது என்று எழுதி நான் ஃபைலை மூடினேன்.

எஸ்தர் அக்கா அதைத் திறந்தார். மறுநாள் என்னையும் இழுத்துக்கொண்டு ஜோகுபாளையம் போனார். அறைக்கு ஓர் அடுப்பு இருந்தது. பெயின்டரின் மனைவி மூச்சு வாங்கிக்கொண்டே தாழ்ந்த குரலில் சொன்னாள்: "தனித்தனியாத்தான் ஆக்கிக்கினு இருக்கோம். அவர்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க." அக்கா இரண்டு குடும்பம் என்று எழுதினார். விஷயம் தெரிந்து அண்ணன்காரர் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். "எங்க குடும்பத்தைப் பிரிக்க நீங்க யாரு?" என்று கத்தினார். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தார். "பேப்பர்லதான் பிரிச்சேன். வால்வு மாத்திக்கினு அவ வீட்டுக்கு வரட்டும், அப்புறம் ஒண்ணா ஆக்கிச் சாப்பிடுங்க, யார் வேணாம்னது?" என்றார். அந்தப் பெண் பிழைத்தாள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கேன்டீனில் யாராவது தனியாக உட்கார்ந்திருந்தால் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விடுவார். டாக்டரா, வார்டு பாயா என்று பார்க்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமையும் வீடு விசாரிக்கக் கிளம்புவார். "அன்னிக்குத்தான் எல்லாரும் வீட்டுல இருப்பாங்க" என்று காரணம் சொல்வார். கல்யாணம் செய்துகொள்ளாதவருக்கு ஞாயிறு எவ்வளவு நீளம் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. எனக்குத் தனிமை பிடிபட்டது என் வீட்டுக்காரர் போன பிறகுதான்.

ஓய்வுக்குப் பிறகு லிங்கராஜபுரத்தில் தம்பி வீட்டு மாடியறையில் இருந்தார். எங்களுக்குப் பென்ஷன் கிடையாது, தெரியும் உங்களுக்கு. நான் ஈஜிபுராவிலிருந்து இரண்டு பஸ் மாறி மாதம் ஒருமுறை போவேன். மாடியில் ஒரு காஸ் அடுப்பு, ஒரு சின்னக் குக்கர், ஒரு தட்டு. கீழே தம்பி, அவர் மனைவி, கம்ப்யூட்டர் கம்பெனியில் நல்ல சம்பளம் வாங்கும் மகன், மருமகள். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி செய்தால் மூடி போட்ட தட்டு மேலே வரும். கீழே வந்து உட்காருங்கள் என்று மட்டும் யாரும் கூப்பிட மாட்டார்கள். கூப்பிடக் கூடாது என்று யாரும் முடிவு செய்யவில்லை, அப்படியே பழகிவிட்டது.

பிறகு சிறுநீரகம் கெட்டது. வாராவாரம் டயாலிசிஸ் வேண்டும் என்றார்கள். நானே விண்ணப்பம் வாங்கிக்கொண்டு போனேன். சந்தேகத்துக்கே இடமில்லாத கேஸ். தனி அடுப்பு, தனிச் சமையல், சொந்த வருமானம் இல்லை. விசாரிக்க வந்தவர் மஞ்சுநாத், அக்கா இருந்த நாற்காலியில் இப்போது உட்காருகிறவர். அன்று நானும் மாடியில் இருந்தேன். கன்னடக்காரர், சாப்பாட்டை ஊட்டா என்பார். கூச்சத்தோடு கேட்டார்: "மேடம், தப்பா நினைக்காதீங்க. நீங்க கீழ அவங்களோட சேர்ந்து ஊட்டா பண்றீங்களா, இல்ல தனியா?"

எஸ்தர் அக்கா, "சேர்ந்துதான்" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். பில் போடுகிறவள் சும்மா இரு என்று அதற்கு அர்த்தம். அடுப்பு மஞ்சுநாத்துக்குப் பின்னால்தான் இருந்தது. திரும்பிப் பார்த்திருந்தால் போதும். ஆனால் எஸ்தர் மேடம் சொல்வதைச் சோதித்துப் பார்ப்பதா என்ற மரியாதை அவருக்கு. சொன்னதை எழுதிக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போனார். அக்கா சொன்ன தம்பி மகன் சம்பளம் சேர்ந்தது, வரம்பு தாண்டியது, இலவசம் இல்லை என்று ஆனது.

அவர் போனதும் நான் கத்தினேன். உங்களுக்குப் பைத்தியமா என்றுகூடக் கேட்டேன். அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "ஊரெல்லாம் பிரிச்சுப் பிரிச்சு எழுதினேன் சரோஜா. எம்பேரை மட்டும் தனியா எழுதச் சொல்ல வாய் வரல." சரி, தம்பியிடமாவது கேளுங்கள் என்றேன். "கேட்டா இல்லைன்னு சொல்ல மாட்டான். ஆனா அப்புறம் நான் அவனுக்குச் செலவு. இப்போ அக்கா." கீழே இருப்பவர்கள் கேட்டபோதெல்லாம், பழைய ஸ்டாஃப் என்பதால் ஆஸ்பத்திரியில் இலவசமாகச் செய்கிறார்கள் என்று சொல்லி வைத்திருந்தார். யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

சேமிப்பு இருந்தவரை ஓடியது. என்னால் ஆனதைக் கொடுத்தேன், பாதி நாள் வாங்க மறுத்தார். சேமிப்பு கரைந்துகொண்டே வந்தபோது நடுநடுவே ஒரு டயாலிசிஸை விட ஆரம்பித்தார். முகம் வீங்கியது. கீழே இருப்பவர்களிடம் வெயிலால் என்று சொன்னார், என்னிடம் தூக்கமில்லாததால் என்றார். கடைசியாக நான் போனபோது இரண்டு பேருக்கும் சோறு வடித்து வைத்திருந்தார். அவரால் சாப்பிட முடியவில்லை. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்து என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்லறையில் எல்லாம் முடிந்த பிறகு சாமுவேல் என்னருகே வந்தார். அழுது முகம் சிவந்திருந்தது. "இலவசம்னுதானே மேடம் சொன்னாங்க? அக்கா பாதி நாள் வரவே இல்லைன்னு டாக்டர் சொல்றாரு. ஏன் போகாம இருந்தாங்க?"

சத்தியம் நினைவுக்கு வந்தது. ஆனாலும் எனக்குக் கோபம். அவர்மேலா, அக்காமேலா, அந்த விதிமேலா என்று இன்றுவரை தெரியவில்லை. "இலவசம் கிடைக்கல சார். உங்க வீட்டுல உங்களோட சேர்ந்து சாப்பிடறேன்னு சொன்னாங்க. அதனால கிடைக்கல" என்றேன். அவர் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

எஸ்தர் அக்காவிடமிருந்து பொருளாக எதையும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கும் இப்போது தனி அடுப்புதான். நாளை என் வாசலுக்கும் யாராவது வந்து கேட்கலாம். நான் உண்மையைத்தான் சொல்வேன், எனக்கு அவ்வளவு துணிச்சல் இல்லை. நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த மாடியறையில் அவர் சற்றும் தயங்காமல் சொன்ன "சேர்ந்துதான்" என்ற குரல். வாழ்நாள் முழுவதும் அடுத்தவர்களின் அடுப்பை எண்ணியவர், அந்த ஒரு சொல்லால் தனக்கு ஒரு குடும்பத்தை எழுதி வாங்கிக்கொண்டார். அதற்கு உயிரை விலையாகக் கொடுத்தார்.